பார்ட்னர் மூலமா, நேரடியாகவா? வணிக மென்பொருள் விற்பனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் 14 ஆண்டுகள் மென்பொருள் டீலராக இருந்தேன். அப்புறம் கடந்த ஆறு ஆண்டுகளாக, நாங்களே எழுதிய பில்லிங் மென்பொருளை நேரடியாகவும் டீலர்கள் வழியாகவும் விற்றுவருகிறேன். கமிஷன் வாங்கியும் பார்த்தேன், கொடுத்தும் பார்க்கிறேன். புதிதாக மென்பொருள் செய்யும் தம்பி தங்கைகளும், டீலர்ஷிப் எடுக்க நினைப்பவர்களும் தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாரையும் ‘பார்ட்னர்’ என்கிறார்களே, உண்மையில் யார் யார்?

லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிக்கும் கம்பெனி கடைக்காரருக்கு நேரே பில் போடுவது குறைவு. சரக்கு முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரெடிங்டன் 1993இல் இந்தியாவில் தொழில் தொடங்கி, இந்த வேலையைச் செய்தே வளர்ந்தது. டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து ரிச்சி தெருவிலோ காந்திபுரத்திலோ உள்ள டீலருக்கு, அவரிடமிருந்து வாங்குபவருக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் சரக்கைக் குடோனில் வைத்திருப்பவர் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். டீலருக்கு அவரிடம் கிடைக்கும் பெரிய உதவி கடன்தான். 30 நாள் தவணையில் சரக்கு எடுத்து, வாடிக்கையாளரிடம் வசூல் செய்து, காசோலை போட்டுவிடலாம். அந்தக் கடன் இல்லாவிட்டால் சின்ன டீலர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு 40 கம்ப்யூட்டர் சப்ளை செய்யவே முடியாது.

மென்பொருளில் கதை கொஞ்சம் வேறு. சரக்கு இல்லை, குடோன் இல்லை. வாங்கி விற்பவர் ரீசெல்லர். ஆளைக் காட்டிவிட்டுக் கமிஷன் மட்டும் வாங்குபவர் ரெஃபரல் பார்ட்னர். பல கம்பெனிகளின் பொருட்களைச் சேர்த்து முழு அமைப்பாக நிறுவித் தருபவர் சிஸ்டம் இன்டக்ரேட்டர். உங்கள் மென்பொருளைத் தன் பெயரில் விற்பவருக்கு ஒயிட் லேபிள் என்று சொல்வார்கள். நம் ஊர்களில் ஒரே ஆள் இந்த நான்கையும் செய்வார், கூடவே பிரிண்டருக்கு மையும் மாற்றித் தருவார்.

நேரடியாக விற்றால் முழுப் பணமும் நமக்குத்தானே? எதற்கு 30 சதவீதத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவரே இல்லை. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எண்கள் எடுத்துக்காட்டுதான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மென்பொருளின் விலை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நேரடி விற்பனைக்கு ஒரு பையனை வைக்கிறீர்கள். சம்பளம் 25,000, பெட்ரோல், போன் 8,000, ஆக மாதம் 33,000. ஒரு நாளைக்கு மூன்று கடை, 25 நாளில் 75 கடை. பதினைந்துக்கு ஒருவர் வாங்கினால் மாதம் 5 விற்பனை. ஒரு விற்பனைக்கு 6,600 செலவு. நிறுவிக் கொடுக்கவும் கற்றுக்கொடுக்கவும் இரண்டு தடவை போய்வர இன்னொரு 1,400. ஒரு வாடிக்கையாளரைச் சேர்க்க 8,000 ஆகிவிட்டது. அப்புறம் ஆண்டுதோறும் போனில் உதவி, எப்போதாவது ஒரு நேரடி விசிட் என்று 1,500 வையுங்கள். ஐந்து ஆண்டில் வரவு 60,000. அதில் 8,000, 7,500 போக, மிச்சம் 44,500.

பார்ட்னர் வழியில் முதல் ஆண்டு 30 சதவீதம் அவருக்கு, உங்களுக்கு 8,400. அடுத்த நான்கு ஆண்டுகள் ரினீவலில், அதாவது ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பணத்தில், 20 சதவீதம் அவருக்கு, உங்களுக்கு ஆண்டுக்கு 9,600. ஆக 46,800. முதல்கட்ட உதவியை அவர் பார்த்துக்கொள்வார். அவருக்குப் புரியாதது மட்டும் உங்களிடம் வரும், அதற்கு ஆண்டுக்கு 500 போட்டால் ஐந்து ஆண்டில் 2,500. மிச்சம் 44,300.

வித்தியாசம் 200 ரூபாய்தான். முதல் தடவை இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தபோது நானே நம்பவில்லை. டீலருக்குப் போகும் 30 சதவீதம் கண்ணுக்குத் தெரிகிறது. பையனின் பெட்ரோல், அவன் விடுப்பு எடுத்த நாட்கள், வேலையைவிட்டுப் போனதும் புதிய ஆளுக்குக் கற்றுக்கொடுக்கும் மூன்று மாதம், இவையெல்லாம் கண்ணில் படுவதில்லை.

விலை மாறினால் முடிவும் மாறும். ஆண்டுக்கு 3,000 ரூபாய் மென்பொருளை ஆள் அனுப்பி விற்கவே முடியாது. ஒன்று, வாடிக்கையாளர் தானே இணையத்தில் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஏற்கெனவே அந்தக் கடைக்குப் போய்வந்துகொண்டிருக்கும் ஒருவர் கொண்டுபோக வேண்டும். விலை 3 லட்சம் என்றால் 30 சதவீதம் 90,000. அந்தப் பணத்துக்கு உங்கள் ஆளே பத்துத் தடவை போய்வரலாம், அங்கே நேரடி விற்பனை நியாயமானது.

ஜோஹோ நேரடியாக விற்றே ஜெயித்தது. டேலி டீலர்களை வைத்தே ஜெயித்தது. யாரைப் பின்பற்றுவது?

இரண்டும் நம் பக்கத்துக் கம்பெனிகள் என்பதால் இந்தக் கேள்வி அதிகம் வரும். இரண்டின் பிறப்பையும் கொஞ்சம் பார்த்தால்தான் பதில் புரியும்.

டேலியைத் தொடங்கியவர் ஷியாம் சுந்தர் கோயங்கா, ஆண்டு 1986, ஊர் பெங்களூரு. ஆலைகளுக்கும் நெசவு மில்களுக்கும் மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் சப்ளை செய்துவந்தவர் அவர். தன் கணக்கை நிர்வகிக்க ஒத்துவரும் மென்பொருள் கிடைக்காததால், கணிதம் படித்த மகன் பாரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். வாங்கப்போகிறவர் கம்ப்யூட்டரையே புதிதாகப் பார்க்கும் வியாபாரி. இணையம் கிடையாது. யாராவது நேரில் போய் நிறுவி, லெட்ஜர் திறந்து, தொடக்க இருப்பை ஏற்றித் தர வேண்டும். டீலர் இல்லாமல் அந்த மென்பொருள் கரூரையோ சிவகாசியையோ எட்டியிருக்காது.

டேலி விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. அதன் மேல் கூடுதல் வசதிகள் எழுத டிடிஎல் என்று தனி மொழியே கொடுத்தார்கள். ‘எங்கள் பில்லில் சாய ஆலையின் பெயரும் வர வேண்டும்’ என்று திருப்பூர்க்காரர் கேட்டால், டீலரே எழுதிக் கொடுத்துத் தனியாகக் காசு வாங்கலாம். லைசென்ஸ் விற்றுக் கிடைக்கும் மார்ஜினைவிட, அதாவது லாபப் பங்கைவிட, அதில் அதிகம் சம்பாதித்த டீலர்களை எனக்குத் தெரியும். இன்னொரு பக்கம், ஒவ்வொரு பேருந்து நிலையத்துக்கு அருகிலும் ஒரு டேலி வகுப்பு. பி.காம். முடித்த பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ‘டேலி தெரிந்த ஆள் தேவை’ என்று விளம்பரம் வந்தது. மென்பொருளை முதலாளிக்கு விற்கும் முன்பே அதை இயக்கும் கணக்குப்பிள்ளை தயாராகிவிட்டார்.

ஜோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. முதலில் அவர்கள் செய்தது தொலைத்தொடர்புக் கருவிகள் தயாரிக்கும் கம்பெனிகளுக்கான வலையமைப்பு மேலாண்மை மென்பொருள். அந்தச் சந்தை 2001 வாக்கில் சரிந்தபோது, நிறுவனங்களின் ஐடி துறைகளுக்கான மேனேஜ்எஞ்சின் பக்கம் வந்தார்கள். 2005இல் வாடிக்கையாளர் தொடர்புகளை நிர்வகிக்கும் ஜோஹோ சிஆர்எம், 2009இல் கம்பெனிக்கே ஜோஹோ என்ற பெயர், 2011இல் கணக்கு மென்பொருளான ஜோஹோ புக்ஸ். உலாவியில் திறந்து, மின்னஞ்சல் கொடுத்து, இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்து, அட்டையில் பணம் கட்டும் வாடிக்கையாளர்தான் அவர்களுக்கு இலக்கு. அமெரிக்காவில் இருப்பவருக்குச் சென்னையிலிருந்து ஆளை அனுப்ப வேண்டியதில்லை.

ஆனால் கவனியுங்கள், இரண்டுமே இன்று கலப்புதான். ஜோஹோவுக்கும் பல நாடுகளில் பார்ட்னர்கள் இருக்கிறார்கள். டேலியையும் அதன் இணையதளத்திலேயே வாங்கலாம். எனவே கம்பெனியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் வாடிக்கையாளரைப் பாருங்கள். மென்பொருள் தகராறு செய்யும்போது அவர் கூகுளில் தேடுவாரா, யாருக்காவது போன் போடுவாரா? போன் போடுகிறவர் என்றால், அந்தப் போனை எடுக்க ஒருவர் அவர் ஊரிலேயே வேண்டும்.

டெல் இடைத்தரகர்களை ஒழித்துத்தானே பெரிய கம்பெனி ஆனது?

பாதி உண்மை. மைக்கேல் டெல் 1984இல் ஆஸ்டினில் மாணவராக இருக்கும்போதே தொடங்கினார். வாடிக்கையாளர் கேட்டபடி கம்ப்யூட்டர் செய்து நேரே அனுப்பினார். முன்பணம் வாங்கிவிட்டுப் பாகம் கொடுத்தவருக்குப் பிறகு பணம் கொடுக்கும் முறையால் கையில் ரொக்கம் நின்றது, கடைகளில் தேங்கிப் பழசாகும் சரக்கும் இல்லை. அதே காலத்தில் காம்பேக் நேர் எதிரான வழியில் போனது. 1982இல் ஹியூஸ்டனில் தொடங்கிய அந்தக் கம்பெனி, ‘நாங்கள் உங்களோடு போட்டி போட மாட்டோம்’ என்று டீலர்களுக்கு உறுதி கொடுத்தது. ஐபிஎம்முக்குச் சொந்த விற்பனைப் படை இருந்ததால் டீலர்களுக்கு அதன்மேல் எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. காம்பேக் பெட்டியை அவர்கள் முன்னால் எடுத்து வைத்தார்கள். முதல் முழு ஆண்டான 1983இல் அதன் விற்பனை 11.1 கோடி டாலர், அன்றைக்கு அமெரிக்காவில் எந்தப் புதிய கம்பெனியும் எட்டாத அளவு.

டெல் 2007இல் வால்மார்ட் கடைகளில் கம்ப்யூட்டரை வைத்தது. அதே ஆண்டு கடைசியில் பார்ட்னர்களுக்கென முறையான திட்டத்தையும் தொடங்கியது. நேரடி விற்பனைக்கு உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் கம்பெனியின் கதை இது.

புதிதாக மென்பொருள் செய்திருக்கிறேன். எடுத்த எடுப்பிலேயே டீலர் போடலாமா?

வேண்டாம். முதல் 30, 40 வாடிக்கையாளர்களுக்கு நீங்களே விற்றாக வேண்டும். டீலர் உங்கள் பொருளை எப்படி விற்பது என்று கண்டுபிடித்துத் தர மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. கடைக்காரர் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார், எந்தத் திரையைக் காட்டினால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார் என்பதை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும்.

எங்கள் மென்பொருளில் முதலில் அறிக்கைகளைத்தான் பெருமையாகக் காட்டினோம். யாரும் அசையவில்லை. ஒரு மளிகைக் கடை அம்மா, ‘கரண்ட் போனால் போட்ட பில் என்னாகும்?’ என்று கேட்டார். பாதி போட்ட பில் அப்படியே இருக்கும் என்று பிளக்கைப் பிடுங்கிக் காட்டினேன். அதன்பின் எல்லாக் கடையிலும் டெமோவை அங்கிருந்தே தொடங்கினோம். டீலர் வழியாகப் போயிருந்தால் அந்தக் கேள்வி என் காதுக்கு வந்திருக்காது.

டீலருக்கு எவ்வளவு மார்ஜின் கொடுக்க வேண்டும்?

சதவீதத்தைப் பற்றி மட்டும் பேசுவது தப்பு. ஒரு லைசென்ஸ் விற்றால் அவர் கையில் எத்தனை ரூபாய் நிற்கும், அதற்கு எத்தனை தடவை வண்டியை எடுக்க வேண்டும் என்று பாருங்கள். 40 சதவீதம் கொடுத்தும் விலை 2,000 என்றால் 800 ரூபாய்தான். மூன்று தடவை போய்வரும் டீலருக்கு அது நட்டம். அந்த மென்பொருளை அவர் கேட்டவருக்கு மட்டும் கொடுப்பார், கேட்காதவரிடம் பேச்செடுக்க மாட்டார்.

மார்ச் மாத ஸ்கீம் பற்றியும் ஒரு வார்த்தை. நிதியாண்டு முடியும்போது ‘10 லைசென்ஸ் எடுத்தால் 2 இலவசம்’ என்று டீலர் தலையில் கட்டும் பழக்கம் உண்டு. உங்கள் கணக்கில் விற்பனை ஏறிவிடும். டீலர் ஜூன் வரை அதே லைசென்ஸைத் தள்ளுபடியில் விற்றுக்கொண்டிருப்பார், சந்தையில் உங்கள் விலை கெட்டுப்போகும். நான் டீலராக இருந்தபோது இப்படி அலமாரியில் தேங்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தே இரண்டு தீபாவளியை ஓட்டியிருக்கிறேன்.

ரினீவல் பணத்தில் டீலருக்குப் பங்கு தேவையா? முதல் விற்பனைக்குத்தான் ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே?

தேவை. என் அனுபவத்தில், பார்ட்னர் உறவு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. அந்த வாரம் முழுக்க நான் வீட்டுக்குத் தூங்கப் போனதே நள்ளிரவுக்குப் பிறகுதான். பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண் எங்கே போடுவது, பழைய இருப்புக்கு வரி எப்படி, பில்லில் மத்திய வரியும் மாநில வரியும் தனித்தனியாக வருமா என்று காலை ஏழு மணிக்கே போன் வரும். எந்தக் கம்பெனியின் உதவி எண்ணுக்கும் அந்த வாரம் எளிதில் லைன் கிடைக்கவில்லை. கடைகளைத் திறந்து வைத்தது ஊர் ஊராக இருந்த டீலர்கள்தான். அதன்பின் மின் விலைப்பட்டியல், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ், வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமானது, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கும் வந்துவிட்டது. வரம்பு ஒவ்வொரு தடவை இறங்கியபோதும் ஒரு புதிய கூட்டம் டீலர் வாசலில் வந்து நின்றது.

இந்த வேலைக்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்? ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏஎம்சி, போட்டிருந்தால் கொஞ்சம் வரும். பல கடைக்காரர்கள் அது போட மாட்டார்கள். ‘உங்களிடம்தானே வாங்கினேன்’ என்பார்கள், அதுவும் நியாயம்தான். ஆக, ரினீவலில் வரும் 20 சதவீதமே டீலர் அந்த போனை எடுப்பதற்கான கூலி. அதை நிறுத்தினால் அவர் சண்டை போட மாட்டார். போனை மட்டும் மெல்ல எடுக்காமல் விடுவார். ஆறு மாதம் கழித்து, இந்த மாவட்டத்தில் மட்டும் ரினீவல் ஏன் குறைகிறது என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

ஒரு நிபந்தனை வையுங்கள். எந்த டீலர் உண்மையில் உதவி செய்கிறாரோ அவருக்கே ரினீவல் பங்கு. விற்றுவிட்டு ஆளே காணாமல் போனவரின் வாடிக்கையாளர், எழுத்தில் கேட்டுக்கொண்டால் வேறு டீலருக்கு மாறிக்கொள்ளலாம். இந்த விதியை முதல் நாளே சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் விற்கலாமா?

விற்கலாம், நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். எல்லை போடாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையே போதும்.

டீலராக இருந்த காலத்தில் ஒரு வருகைப்பதிவு, சம்பளக் கணக்கு மென்பொருளையும் விற்றேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலைக்கு நான்கு மாதம் நடையாய் நடந்தேன். ஷிப்ட் கணக்கு, ஓவர்டைம், விடுதியில் தங்கும் பெண்களின் சாப்பாட்டுப் பிடித்தம் எல்லாம் பொருந்துகிறதா என்று உட்கார்ந்து பார்த்தோம். சோதித்துப் பார்க்க, கம்பெனியின் தளத்தில் ஆலையின் மின்னஞ்சலைக் கொடுத்து நானே பதிவு செய்தேன். இரண்டு நாளில் கம்பெனியின் விற்பனைப் பிரிவிலிருந்து ஆலைக்கே நேரடியாகப் போன். என் விலையைவிட 20 சதவீதம் குறைவு. ஆலை மேலாளர் நல்ல மனிதர். ‘சார், உங்களுக்குச் சொல்லாமலா பேசினாங்க?’ என்று அவரே சங்கடப்பட்டுக் கேட்டார். முதலாளி குறைந்த விலைக்கு வாங்கிவிட்டார். மூன்றாவது மாதம் சம்பள நாளில் கணக்கு தப்பாக வந்தது. 300 பேர் சம்பளத்துக்குக் காத்திருக்கிறார்கள், மேலாளர் என்னைத்தான் கூப்பிட்டார். போனேன், சரி செய்தேன். அதற்கு யாரும் ஒரு பைசா தரவில்லை. அடுத்த ஆண்டு அந்த மென்பொருளை விற்பதை நிறுத்திவிட்டேன்.

இதைத் தடுக்க எளிய ஏற்பாடு இருக்கிறது, டீல் ரெஜிஸ்ட்ரேஷன் என்பார்கள். ஒரு வாடிக்கையாளரோடு பேசத் தொடங்கியதும் டீலர் அவர் பெயரைக் கம்பெனியிடம் பதிவு செய்துவிட வேண்டும். 60 நாளோ 90 நாளோ, அந்த வாடிக்கையாளர் அவருடையவர். அதற்குள் வாடிக்கையாளர் நேரே இணையத்தில் வாங்கினாலும் டீலருக்குப் பங்கு போகும். நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஒரு விரிதாளும் வைத்தே இதை நடத்துகிறோம், பெரிய போர்ட்டல் ஒன்றும் தேவைப்படவில்லை.

விலை விஷயத்திலும் கறாராக இருங்கள். இணையத்தில் நீங்கள் போடும் விலை டீலர் விற்கும் விலைக்குக் கீழே ஒரு நாளும் இறங்கக் கூடாது. பண்டிகைத் தள்ளுபடி கொடுத்தால் அதே நாளில் டீலருக்கும் கொடுங்கள். எல்லையைப் பகுதி வைத்துப் பிரிப்பதைவிட வாடிக்கையாளரின் அளவு வைத்துப் பிரிப்பது நன்றாக ஓடுகிறது. எங்களிடம் ஐந்து கிளைகளுக்கு மேல் உள்ள கடைகளுக்கு நாங்களே நேரடியாக விற்கிறோம். மற்ற எல்லாரும் டீலருக்கு.

வாடிக்கையாளரின் பெயர், எண் எல்லாம் டீலரிடம்தானே இருக்கும்? நாளை அவர் வேறு மென்பொருளுக்கு மாற்றிவிட்டால்?

லைசென்ஸ் வாடிக்கையாளர் பெயரில், அவருடைய சொந்த எண்ணிலும் மின்னஞ்சலிலும் பதிவாக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். டீலர் தன் எண்ணையே போட்டு நாற்பது கடைகளைப் பதிவு செய்த நிலையை நான் பார்த்திருக்கிறேன். அவர் கடையை மூடியபோது நாற்பது பேருக்கும் ஓடிபி வர வழியில்லை. அதே சமயம், அந்த எண்கள் கையில் இருக்கின்றன என்பதற்காக டீலரைத் தாண்டி அழைத்து விற்காதீர்கள். அழைக்க வேண்டி வந்தால் அவரிடம் சொல்லிவிட்டு அழையுங்கள்.

ஆடிட்டர்களுக்குக் கமிஷன் கொடுத்தால் விற்பனை கூடுமா?

கடைக்காரர் ஆடிட்டர் சொல்வதைத்தான் கேட்பார் என்பது உண்மை. ஆனால் தொழில் செய்யும் பட்டயக் கணக்காளர், 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன் தொழில் அமைப்பின் கவுன்சில் அனுமதி இல்லாமல் வேறு வணிகத்தில் ஈடுபட முடியாது. கமிஷனை நீட்டினால் நல்ல ஆடிட்டர் விலகிப் போவார். அவர் அலுவலகத்துக்கு இலவசமாக ஒரு லைசென்ஸ் கொடுங்கள். உங்கள் மென்பொருளிலிருந்து ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குப் படிவத்துக்கான விவரம் பிழையில்லாமல் வெளியே வந்தால், அவரிடம் கணக்கு எழுதும் பிள்ளைகளே உங்கள் பெயரைச் சொல்வார்கள்.

அரசு அலுவலகங்களுக்கு நேரடியாக விற்கலாமா?

அரசு அலுவலகங்கள் இணையத்தில் கொள்முதல் செய்யும் மத்திய அரசின் ஜெம் தளம் 2016இல் வந்த பிறகு சிறிய தயாரிப்பாளரும் நேரே பதிவு செய்ய முடிகிறது. ஆனால் டெண்டர் படிவம், முன்வைப்புத் தொகை, மாதக்கணக்கில் தாமதமாகும் பணம், இவற்றைச் சமாளிக்கப் பழகியவர்கள் உள்ளூரில் தனியாக இருக்கிறார்கள். தயாரிப்பாளர் தரும் அங்கீகாரக் கடிதத்தை வைத்து அவர்கள் கலந்துகொள்வார்கள். ஒரே டெண்டருக்கு மூன்று டீலருக்குக் கடிதம் கொடுத்துவிட்டு அவர்களை மோத விடாதீர்கள்.

வரி விஷயத்தில் ரீசெல்லருக்கும் கமிஷன் பார்ட்னருக்கும் என்ன வித்தியாசம்?

ரீசெல்லர் உங்களிடம் 8,400க்கு வாங்கி 12,000க்கு விற்கிறார் என்றால் இரண்டு பில்லிலும் 18 சதவீத ஜிஎஸ்டி வரும், வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியை அவர் கழித்துக்கொள்வார். வாடிக்கையாளரிடம் வசூல் செய்வதும் அவர் பொறுப்பு. கமிஷன் முறையில் பில் உங்களுடையது, வசூலும் உங்களுடையது. கமிஷனுக்கு டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி, பிடிக்க வேண்டியிருக்கும். பழைய வருமான வரிச் சட்டத்தின் 194எச் பிரிவில் 5 சதவீதமாக இருந்த அது 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதமானது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு என்பதால் ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு மென்பொருளை வாங்கி விற்கும் டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு வெகுகாலம் ஒரு தலைவலி இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பும் பணம் ராயல்டியா, இல்லையா என்பதுதான் வழக்கு. ராயல்டி என்றால் வரி பிடித்துத்தான் அனுப்ப வேண்டும். 2021 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம், விற்பனைக்காக வாங்கும் மென்பொருளுக்குத் தரும் பணம் பதிப்புரிமைக்கான ராயல்டி ஆகாது என்று தீர்ப்பளித்தது. வெறும் பிரதியை விற்பவருக்குப் பதிப்புரிமை கைமாறுவதில்லை என்பது அதன் அடிப்படை. டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு அது பெரிய நிம்மதி.

எல்லாம் க்ளவுட் ஆகிவிட்டது. இனி டீலர் எதற்கு?

நிறுவும் வேலை போய்விட்டது, அது உண்மை. பழைய டேட்டாவைக் கொண்டுவருவது, பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுப்பது, பிரிண்டரும் தராசும் ஸ்கேனரும் அதோடு பேச வைப்பது, இவை போகவில்லை. மைக்ரோசாஃப்டைப் பாருங்கள். க்ளவுடில் அத்தனை பெரிய கம்பெனி, அதன் வணிக வருவாயில் 95 சதவீதத்துக்கு மேல் பார்ட்னர்கள் வழியாக வருகிறது என்று அதுவே சொல்லிவருகிறது.

டீலருக்கு உண்மையான அடி வேறு இடத்தில் விழுகிறது. முன்பு ஒரு லைசென்ஸ் விற்றால் அன்றைக்கே 5,000 கையில் நிற்கும். இப்போது மாதச் சந்தாவில் 150 ரூபாய் வருகிறது. வாடகையும் சம்பளமும் மாதம் பிறந்தால் கொடுத்தாக வேண்டும். நூறு வாடிக்கையாளர் சேரும் வரை அவர் தாக்குப்பிடிக்க வேண்டும். சந்தா மென்பொருள் விற்பவர்கள் முதல் ஆண்டின் பங்கை டீலருக்கு மொத்தமாக முன்னாலேயே கொடுத்தால் இந்தப் பள்ளத்தை அவர் தாண்டிவிடுவார். நாங்கள் அப்படிச் செய்யத் தொடங்கியது மூன்றாவது ஆண்டில். முதல் ஆண்டிலேயே செய்திருக்க வேண்டும், நல்ல இரண்டு டீலர்களை அதற்குள் இழந்துவிட்டோம்.

டீலர்ஷிப் எடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ரினீவல் பங்கு எத்தனை ஆண்டுக்கு, எழுத்தில் இருக்கிறதா? கம்பெனி நேரடியாக விற்கும் வாடிக்கையாளர் யார், அதற்கு எல்லை இருக்கிறதா? டார்கெட் எட்டாவிட்டால் போகப்போவது கூடுதல் ஊக்கத்தொகையா, டீலர்ஷிப்பேவா? முன்பணம் கேட்டால் அது திரும்பி வருமா? ஒப்பந்தம் முடிந்தால் நீங்கள் சேர்த்த வாடிக்கையாளர்களின் ரினீவல் யாருக்கு?

இவற்றைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு, அதற்குச் செலவும் இல்லை. கம்பெனியின் உதவி எண்ணுக்கு ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, வாடிக்கையாளர் போல நீங்களே அழைத்துப் பாருங்கள். ஜவுளிக் கடையில் கூட்டம் நிற்கும் நேரம் அது. எத்தனை மணி அடித்து எடுக்கிறார்கள், எடுத்தவருக்குத் தமிழ் வருகிறதா, சொன்ன பிரச்சினை புரிகிறதா என்று குறித்துக்கொண்டு, அதன்பிறகு ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்.